ஒன்பது கிளிகளுக்கு வீடு தேடுவது எப்படி?

கேள்வி: எங்கள் தெருவில் தனியாக இருந்த பெரியவர் இரண்டு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன், வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் பறவைகளைக் கூண்டு திறந்து விட்டுவிடலாம் என்றார். மனசு கேட்காமல் எல்லாவற்றையும் எங்கள் மாடி அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். 12 வயது ஆப்பிரிக்கன் கிரே ஒன்று, சன் கன்யூர் இரண்டு, காக்டெயில் நான்கு என்று வெளிநாட்டுக் கிளிகள் ஏழு; இறக்கை வெட்டிய பச்சைக்கிளி இரண்டு. கிரே தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. பெரியவர் மாதிரியே இருமுகிறது, மாலை நான்கு மணியானால் "காபி ஆச்சா?" என்று கேட்கிறது. அந்த நேரத்தில் அவர் காபியில் தோய்த்த பிஸ்கட் கொடுப்பாராம். மற்றபடி சூரியகாந்தி விதை மட்டும்தான் தின்கிறது. ஒன்பதையும் வைத்துக்கொள்ள எனக்கு வசதியில்லை. வாட்ஸ்அப்பில் போட்டேன்; ஒரே நாளில் நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கிரேவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், நாளைக்கே வண்டி அனுப்புகிறேன் என்கிறார். நல்ல வீடு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, கோவை

பதில்:

முதல் வேலையாக அந்த வாட்ஸ்அப் பதிவை எடுத்துவிடுங்கள். நாற்பது பேரில் நல்லவர்களும் இருப்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட பதிவுகளைத் தேடிப் பிடித்து முதலில் கூப்பிடுகிறவர்களில் வாங்கி விற்பவர்கள் நிறைய. நாளைக்கே வண்டி அனுப்புகிறவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள். என்ன தின்கிறது, கடிக்குமா, நெஞ்சில் ஏன் இறகு இல்லை என்று ஒரு கேள்விகூட இல்லாமல் விலை மட்டும் பேசுகிறவருக்கு அந்தக் கிரே குஞ்சு பொரிக்க வைக்கும் ஒரு பிரீடிங் பறவை. மனிதக் குரலோடு 12 வருஷம் வாழ்ந்த பறவை, இருட்டான ஒரு பெட்டியோடு இன்னொரு பறவையின் பக்கத்தில் போய் உட்காரும். கிரேயில் ஆண் பெண் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். டிஎன்ஏ பார்க்காமல் ஜோடி போடுகிறவர்கள் இரண்டு ஆணைச் சேர்த்து, ஒன்றின் விரல் போன பிறகு தெரிந்துகொள்வார்கள். அவருக்கு மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அடுத்து பச்சைக்கிளிகள். இவை இரண்டையும் நீங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது. எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் சரி, சொந்தத் தங்கை வீடாக இருந்தாலும் சரி. நம் நாட்டுக் கிளிகள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வளர்ப்பது, வாங்குவது, விற்பது எல்லாம் குற்றம். அன்பளிப்பாகக் கொடுத்தாலும் விலக்கு கிடையாது. பெரியவர் தெரியாமல்கூட வைத்திருந்திருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. இப்போது பறவைகள் உங்கள் கையில் இருப்பதால் நாள் கடத்தாமல் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. மாவட்ட வன அலுவலர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதியில், யார் இறந்ததால், எத்தனை கிளிகள் உங்கள் கைக்கு வந்தன, இப்போது என்ன நிலையில் இருக்கின்றன. இரண்டு நகல் எடுத்து ஒன்றில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பறவையோடு நேரே போய் நிற்பதைவிட முதலில் போன் செய்துவிட்டுப் போனால், அவற்றை வாங்கி வைக்க இடம் தயார் செய்திருப்பார்கள்.

"நாமே பறக்க விட்டுவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். வெட்டிய இறக்கை இறகின் தண்டு அப்படியே தோலில் நிற்கும். அது உதிர்ந்து புது இறகு வர மாதங்கள் ஆகும், சில பறவைகளுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை அது குதிக்கும், பறக்காது. காக்கைகள் சூழ்ந்து கொத்தும்போது ஓடத் தெரியாது. பசித்தால் மனிதர் கையைத் தேடிவரும். பெரிய கூண்டில் பறந்து பழகி, கொய்யாவும் வேப்பம்பழமும் தானே தேடித் தின்னப் பழகி, மற்றக் கிளிகளோடு சேர்ந்த பிறகு வெளியே விட்டால்தான் பிழைக்கும். அதைச் செய்ய இடமும் ஆளும் அதிகாரமும் வனத்துறைக்குத்தான் உண்டு. வெளிநாட்டுப் பறவைகளைத் திறந்து விடுவது அதைவிட மோசம். அந்த மகன் அன்று கூண்டைத் திறந்திருந்தால் காக்டெயில்கள் அன்று மாலையைத் தாண்டியிருக்காது.

ஆக, வீடு தேட வேண்டியது ஏழு பறவைகளுக்கு. இதில் காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. கிரேவும் சன் கன்யூரும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. கிரே 2017 தொடக்கத்திலிருந்து அதன் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. கைக்கு வந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கைமாற்றுவதையும் இறப்பையும்கூடத் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு மாதம் ஓடிவிட்டது. பெரியவரின் மகனிடம், பறவைகளை வாங்கிய ரசீது, பதிவுச் சான்று, பழைய மருத்துவச் சீட்டு என்று ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எதுவும் இல்லையென்றால், பச்சைக்கிளிகளுக்காக வன அலுவலகம் போகும்போதே இவற்றையும் எழுத்தில் தெரிவித்து, கைமாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை கிரேவும் கன்யூரும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். காக்டெயில் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதற்கு இந்தப் பதிவு தேவையில்லை.

காலில் ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டு இல்லாத முழு வளையமாக இருந்தால், குஞ்சாக இருந்தபோது போட்டது. வளர்ந்த பறவையின் பாதத்தில் அது ஏறாது. வெட்டி மடக்கிய வளையம் எப்போது வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். எண்ணைக் குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள். வளையம் இறுகித் தோல் வீங்கியிருந்தால் பிளையரை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். கால் எலும்பு தீக்குச்சி மாதிரி முறியும். மருத்துவர் எடுக்கட்டும்.

இனி, வீடு பார்ப்பதற்கு முன்னால் பறவையைப் பார்க்க வேண்டும். ஆறு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டுக் கொடுத்த பறவைகள்தான் திரும்பி வருகின்றன, அல்லது திரும்பி வராமலே போய்விடுகின்றன. பறவைகளைப் பார்த்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் எச்சப் பரிசோதனை, கிளிக்காய்ச்சலுக்கான பரிசோதனை, அலகு–இறகு நோய்க்கான பிசிஆர் மூன்றும் செய்யச் சொல்லுங்கள். கிரேயின் இருமல் பெரியவரைப் பார்த்துப் பழகியதுதானா, உண்மையான இருமலா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். நிமோனியா மாதிரி வரும். பறவைக்கு அது இருந்தால் 45 நாள் மருந்து முடியாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதுவரை காய்ந்த எச்சத்தைக் கூட்டிப் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மாஸ்க் போட்டுத் துடையுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ மூச்சுத் தொல்லை உள்ளவரோ இருந்தால் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.

கிரேயின் நெஞ்சைப் பற்றி ஒன்று. தலையில் இறகு முழுசாக இருந்து நெஞ்சும் தொடையும் மட்டும் மொட்டையாக இருந்தால் அது தன் அலகாலேயே பிடுங்குகிறது. தன் தலைக்கு அதன் அலகு எட்டாது. தலையிலும் இறகு போயிருந்தால் நோயாக இருக்கலாம், அல்லது பக்கத்துப் பறவை பிடுங்கியிருக்கலாம். உங்கள் கிரே முதல் வகை என்று தெரிகிறது. ஆனாலும் "துக்கத்தில் பிடுங்குகிறது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வருஷக்கணக்காகச் சூரியகாந்தி விதை மட்டும் தின்ற கிரேக்குக் கால்சியமும் வைட்டமின் ஏ-யும் குறைந்திருக்கும். கிரே இனத்தில் கால்சியம் குறைந்தால் தள்ளாடி விழும், வலிப்புகூட வரும். ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள். தோல் வறட்சி, சிகரெட் புகை, ஈயமோ துத்தநாகமோ வயிற்றுக்குள் போனது, தூக்கமின்மை என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வாரத்துக்கு மூன்று நாலு நாள் காலையில் வெறும் தண்ணீரைப் பூப்போலத் தெளித்துவிடுங்கள். கழுத்தில் மாட்டும் காலர் பிடுங்குவதை மட்டும் நிறுத்தும். காரணம் அப்படியே இருக்கும். பல வருஷம் பிடுங்கிய இடத்தில் இறகு முளைக்காமலே போகலாம். இதை வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மொட்டை நெஞ்சோடு ஏற்றுக்கொள்கிறவர்தான் வேண்டும்.

ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். அதன் மேல் ஒரு சின்னக் குச்சி வைத்து, காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன் எடை பார்த்துக் குறியுங்கள். கிரே 400 முதல் 550 கிராம் வரை இருக்கும். சன் கன்யூர் 100 முதல் 130. காக்டெயில் 80 முதல் 110. எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பறவைகள் நோயை ஒளித்து வைக்கும்; உடம்பை உப்பிக்கொண்டு உட்காரும்போது ஏற்கெனவே தாமதம். தராசு அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

தீனி மாற்றத்தை நீங்களே தொடங்கிவிடுங்கள். புது வீட்டுக்கும் புதுத் தீனிக்கும் ஒரே சமயத்தில் பழகச் சொன்னால் பறவை பட்டினி கிடக்கும். காலையில் பசி இருக்கும்போது இரண்டு மணி நேரம் புதியது: பொடியாக நறுக்கிய கேரட், மஞ்சள் பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக்கீரை கொத்தோடு, முளைகட்டிய பச்சைப்பயறு. பிறகு பழைய விதை. முதல் பத்து நாள் தொட்டும் பார்க்காது, கீழே தள்ளும். நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து அதே கேரட்டைக் கடித்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. காக்டெயில் ஒவ்வொன்றுக்கும் தினை, சாமை, கம்பு கலந்து ஒரு நாளைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, அதோடு கீரை. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கொடுப்பார்கள். ஒரு துண்டைக் கூண்டில் கட்டிவிடுங்கள். அவகாடோ, சாக்லேட், வெங்காயம், உப்புப் பண்டம் எதுவும் கூடாது. காபியும் கூடாது, அந்தப் பெரியவர் எவ்வளவு பிரியமாகக் கொடுத்திருந்தாலும். ஆனால் அந்த நான்கு மணியை விட்டுவிடாதீர்கள். அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து, வெதுவெதுப்பாக மசித்த கிழங்கை ஸ்பூனில் கொடுங்கள். உங்கள் கையில் சுடாத சூடுதான் இருக்க வேண்டும். அதிகச் சூடு தொண்டைப்பையை வெந்துபோகச் செய்துவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேட்கிறவர்களிடம் "பறவை பிடிக்குமா, நல்லா பார்த்துக்குவீங்களா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஒரு தாளில், காலை எழுந்ததிலிருந்து இரவு விளக்கு அணைக்கும்வரை அவர்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று மணிக்கணக்கோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாற்பது பேரில் முப்பது பேர் அந்தத் தாளை அனுப்பவே மாட்டார்கள். மிச்சம் பேரின் தாளில் உங்கள் பறவையைக் கொண்டுபோய் வைத்துப் படியுங்கள்.

காலை 8.30-க்கு இருவரும் வேலைக்குப் போய் மாலை 7-க்கு வருகிறார்களா? கிரேக்கு அந்த வீடு ஆகாது. ஜோடிக் காக்டெயிலுக்கு ஆகும். ஹாலில் இரவு 11 வரை டிவி ஓடுகிறதா? பறவைக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருட்டும் அமைதியும் வேண்டும். தூங்க வேறு அறை இருக்கிறதா என்று கேளுங்கள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் இல்லையா? நான்ஸ்டிக் தவா காலியாக அடுப்பில் காய்ந்தால் வரும் புகைக்கு நமக்கு வாசனைகூடத் தெரியாது. பறவை சில நிமிஷத்தில் மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஏர் ஃப்ரையரின் உள்பூச்சும் பெரும்பாலும் அதே பொருள்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் எல்லாவற்றையும் கேளுங்கள். பூஜையை நிறுத்தச் சொல்ல வேண்டாம். பறவை இருக்கும் அறைக்குப் புகை வராமல் கதவை மூட முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

சீலிங் ஃபேன். நம் ஊர் வீடுகளில் கையில் பழகிய பறவை அடிபட்டுச் சாவதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. "வெளியே விடும்போது ஃபேனை அணைத்துவிடுவோம்" என்பார்கள். மே மாதம் மதியம் யாராவது பழக்கத்தில் ஸ்விட்சைத் தட்டுவார்கள். பறவை பறக்கும் அறையில் சீலிங் ஃபேன் இல்லாமல் சுவர் ஃபேனோ வலைபோட்ட டேபிள் ஃபேனோ இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுங்கள். ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி வைக்கிறேன் என்று அவர்களாகவே சொன்னால் இரண்டாகப் போடுங்கள்.

தீபாவளியன்று வீட்டில் இருப்பார்களா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பூனை இருக்கிறதா? பூனைக் கீறல் சின்னதாகத் தெரிந்தாலும் அதன் எச்சில் கிருமி ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். ஆஸ்துமா இருக்கிறதா? கிரேயும் காக்டெயிலும் வெள்ளையாக மாவு மாதிரித் தூள் உதிர்க்கும். ஆஸ்துமா உள்ள வீட்டில் ஒரு மாதத்தில் பறவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். ஏற்கெனவே வேறு பறவை இருந்தால், புதியதை 45 நாள் தனி அறையில் வைக்க இடம் வேண்டும். ஒரே அறையில் தனிக்கூண்டு என்பது கணக்கில் வராது. வயதும் முக்கியம். கிரே இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கலாம். 65 வயதுக்காரர் கேட்டால் மறுக்க வேண்டாம். பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர் அவர்தான். ஆனால் அவருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளப்போகிற மகளோ பேரனோ கூடவே வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒரு ஆள் முன்பே இருந்திருந்தால் இந்த ஒன்பதும் உங்கள் மாடிக்கு வந்திருக்காது.

சன் கன்யூர்தான் கொடுக்கக் கஷ்டமானது. அழகைப் பார்த்துக் கேட்பார்கள். சத்தத்தில் திருப்பித் தருவார்கள். அதன் கத்தல் ஒரு தெரு தாண்டிக் கேட்கும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்த பிறகு அதைப் பால்கனியில் போர்வை மூடி வைப்பார்கள். காம்பவுண்டோடு தனி வீடு உள்ளவருக்கு மட்டும் கொடுங்கள். காலை 7 மணிக்கும் மாலை 5.30-க்கும் அது கத்தும்போதே அவர்களை வந்து கேட்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து அனுப்பினால் அந்த வலி தெரியாது. இரண்டையும் பிரிக்கவே கூடாது.

காக்டெயில் நான்கையும் ஒரே வீட்டில் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு நாள் மாலையில் கவனியுங்கள்: எவை தோளோடு தோள் ஒட்டி உட்காருகின்றன, எது எதற்குத் தலையைக் கோதிவிடுகிறது. அந்த ஜோடிகளாகவே கொடுங்கள். "முட்டையிடப் பானை கட்டலாமா" என்று கேட்பவருக்குப் பதில் இல்லை என்பதுதான். பெட்டிக்குள் தொடர்ந்து முட்டையிட்ட பெட்டைக்குக் கால்சியம் வற்றி முட்டை சிக்கிக்கொள்ளும். காக்டெயிலுக்கு இரவில் திடீர்ப் பயம் வரும். பல்லி ஓடினாலும் கூண்டுக்குள் படபடவென அடித்துக்கொண்டு இறக்கையில் ரத்தம் வரும். ஒரு சின்ன நைட் லாம்ப் போதும்.

தாளில் தேறியவர்களை மூன்று முறை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், வெவ்வேறு நேரத்தில். முதல் நாள் ஆறடி தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். பறவையை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம். இரண்டாம் நாள் ஸ்பூனில் தீனி நீட்டட்டும். மூன்றாம் நாள் கூண்டைக் கழுவட்டும். கழுவச் சொன்ன அன்று வராமல் போகிறவர்கள் உண்டு. கிரே பின்னங்கழுத்து இறகைச் சிலிர்த்து, கண்பாவையைச் சுருக்கி விரித்து, உடம்பை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டால் பயத்திலோ கோபத்திலோ இருக்கிறது என்று அர்த்தம். அப்போது கையை நீட்டுகிறவர் கடி வாங்குவார். கையைப் பின்னுக்கு இழுத்துக் காத்திருக்கத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள். வருஷக்கணக்காக ஒரு ஆணோடு வாழ்ந்த பறவை என்பதால் வீட்டில் பெண்களைவிட ஆண் குரலுக்கு முதலில் நெருங்கலாம். நேரம் செலவழிக்கப்போகிறவர் ஒருவர், அது விரும்புவது இன்னொருவர் என்றால் அந்த வீட்டைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

கடைசியாக நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். வெளியூர் என்றால் வீடியோ காலில் எல்லா அறையையும் காட்டச் சொல்லுங்கள். தீர்மானிப்பதற்கு முன் சரியான கூண்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். பணம் கேட்பதைவிட இது நல்ல வடிகட்டி. விற்க நினைப்பவர் கூண்டுக்குச் செலவு செய்ய மாட்டார். கிரேக்குக் குறைந்தது 3 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம். கம்பி இடைவெளி முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை. காக்டெயில் ஜோடிக்கு அகலம் 3 அடி இருந்தால் நல்லது. கம்பி இடைவெளி அரை அங்குலம், அதைவிட அதிகமானால் தலை மாட்டும். ஜிங்க் பூச்சு மினுமினுக்கும் மலிவுக் கம்பிவலைக் கூண்டு வேண்டாம். கிளிகள் கம்பியை அலகால் பிடித்தே ஏறும், துத்தநாகம் உள்ளே போகும். கடையில் வரும் வழுவழுப்பான பிளாஸ்டிக் குச்சிக்குப் பதில் கொய்யா, வேப்ப மரக் கிளைகளை வெவ்வேறு பருமனில் கட்டச் சொல்லுங்கள். அரளி மட்டும் கூடாது, விஷம்.

கொடுக்கும்போது வெள்ளைத்தாளில் ஒரு ஒப்பந்தம் போதும். ரிங் எண், போட்டோ, அன்றைய எடை. விற்கக் கூடாது, இனப்பெருக்கம் கூடாது, காலில் சங்கிலி கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் உங்களிடம்தான் திரும்பத் தர வேண்டும். முதல் மூன்று வாரம் சோதனைக் காலம் என்று எழுதுங்கள். கிரே, கன்யூருக்கான பதிவுக் கெடுவுக்குள் முடிவெடுக்க அது போதும். விடிகாலையில் கொண்டுபோங்கள். பயணக் கூட்டில் தாழ்வாக ஒரு குச்சி, கீழே துண்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதில் வெள்ளரித் துண்டு. நின்ற காரில் ஐந்து நிமிஷம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முதல் மூன்று நாள் பறவை பேசாது, சரியாகத் தின்னாது. அது இயல்பு, ஒரு நாள் முழுக்க எச்சமே இல்லை என்றால் இயல்பில்லை. தீனிக் கிண்ணம் நிறைய இருக்கிறதே என்று புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேலே இருப்பது வெறும் உமி. ஊதிப் பார்த்தால் அடியில் ஒரு விதைகூட இருக்காது. நிறைந்த கிண்ணத்தின் முன் காக்டெயில் பட்டினி கிடக்கும். இதை நேரிலேயே ஊதிக் காட்டிவிட்டு வாருங்கள். மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் எடையைக் கேளுங்கள். இரண்டாம் மாதத்தில் கடி தொடங்கும்; பயந்து அடங்கியிருந்த பறவை தன் குணத்தைக் காட்டும் காலம் அது. திருப்பித் தர நினைப்பவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பேர் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாதவர்களிடமிருந்து திட்டாமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்தால் வேறு எங்கோ கொடுத்துவிடுவார்கள்.

கூட அனுப்ப வேண்டியவை: பழைய குச்சிகளில் ஒன்று, இரண்டு வாரத் தீனி, எடைக் குறிப்பு, மருத்துவச் சீட்டு. கிரேக்கு மட்டும் இன்னொரு தாள் எழுதுங்கள். அது பேசும் சொற்கள், எந்த நேரத்தில், எந்தச் சொல்லுக்கு என்ன பதில் கிடைத்துப் பழகியது என்று. ராத்திரியில் ஒரு முதியவர் இருமுவது போலக் கேட்கும், பயப்பட வேண்டாம், இருமல் உண்மையா என்பதை மருத்துவர் பார்த்தாகிவிட்டது என்று எழுதுங்கள். மாலை நான்கு மணிக்குக் "காபி ஆச்சா?" என்று கேட்கும், "ஆச்சு, இந்தா" என்று சொல்லி ஒரு ஸ்பூன் கிழங்கு கொடுக்க வேண்டும் என்பதையும்.